பள்ளிக்கூட நாடகத்துக்கு மைக் வைக்கிறது: வன்னிப் பக்கத்தில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில நாடகம் போடேக்க சவுண்ட் பாக்கிறனான். ரீச்சர்மாரும் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளையளும் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்வியளை இதில எழுதி வைக்கிறன். பாட்டுக் கச்சேரிக்கான சவுண்ட் வேற கதை, இது பேச்சுக்கு மட்டும். கடைசி வாங்கில இருக்கிற அம்மம்மாவுக்கு வசனம் விளங்குதா எண்டதை முதல் பாக்கோணும், மிச்சமெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

சத்தம் காணாது எண்டு எல்லாரும் சொல்லீனம், பெரிய ஆம்ப் (சத்தத்தைப் பெரிசாக்கிற பெட்டி) ஒண்டு வாங்கினாச் சரிவருமா?

பெரும்பாலும் சரிவராது. 500 வாட் ஆம்பை எடுத்துப்போட்டு 1000 வாட் வைச்சாக் கூடுறது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) மட்டும்தான், காதுக்கு அது கொஞ்சம் கூடினமாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரெண்டு மடங்கு சத்தம் எண்டு காது நினைக்கிறதுக்கு ஏறக்குறைய 10 டெசிபல் கூடோணும், அதுக்குப் பவர் பத்து மடங்கு வேணும். ஆனா பிள்ளையின்ர வாய்க்கும் மைக்குக்கும் இடையில இருக்கிற தூரத்தைப் பாதியாக்கினா 6 டெசிபல் சும்மா கிடைக்குது, ஒரு சதமும் செலவில்லை. 40 சென்ரிமீற்றரில நிண்டு கதைச்ச பிள்ளையை 10 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தீங்களெண்டா 12 டெசிபல் வருது, எந்த ஆம்பும் அந்த விலைக்கு அதைத் தராது. அதுமட்டுமில்லை, மைக் தூரத்தில இருந்தா அது பிள்ளையின்ர குரலோட ஃபான் சத்தம், பின்னால கதிரை இழுக்கிற சத்தம், ஸ்பீக்கரில இருந்து திரும்பி வாற சத்தம் எல்லாத்தையும் சேத்து வாங்குது, நீங்கள் ஆம்பைக் கூட்டக் கூட்ட அதுகளும் கூடுது, அதாலதான் சத்தம் பெரிசா இருந்தும் ஒண்டும் விளங்காமல் போறது. பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் காசு தாறமெண்டு சொன்னா ரெண்டு நல்ல மைக்கும் நல்ல வயரும் ஸ்ராண்டும் கேளுங்கோ, ஆம்ப் பிறகு பாக்கலாம்.

மைக் ஏன் கூவுது? எப்பிடி நிப்பாட்டிறது?

ஸ்பீக்கரில வாற சத்தத்தை மைக் திருப்பிக் கேக்குது, அது ஆம்புக்குப் போய்ப் பெரிசாகித் திரும்ப ஸ்பீக்கரில வருது, அதைத் திரும்பவும் மைக் கேக்குது, இப்பிடிச் சுத்திச் சுத்தி ஏதாவது ஒரு சுருதியில பிடிச்சுக்கொண்டு கூவத் தொடங்கும். அந்த நேரம் மிக்சரில (எல்லா மைக்கும் வந்து சேருற பெட்டி) முழுச் சத்தத்துக்கும் இருக்கிற மாஸ்ரர் பட்டனை ஒரேயடியா இறக்காதேங்கோ, முழு நாடகமும் ஊமையாகிப் போகும், ஆரும் கதைக்காமல் திறந்திருக்கிற மைக் எது எண்டு பாத்து அதை இறக்குங்கோ.

பிள்ளையள் செய்யிற ஒரு வேலை இருக்கு, மைக் கூவத் தொடங்கினவுடன அந்த வலைத் தலையைக் கையால பொத்திறது. அது இன்னும் கூவும். ஏனெண்டா இந்த மைக்குகள் பின்பக்கத்துச் சத்தத்தைத் தள்ளி வைக்கிறதுக்கு வலைக்குக் கீழ, பின்னால இருக்கிற துவாரங்கள் வேணும், அதைப் பொத்தினா எல்லாப் பக்கத்தாலயும் கேக்கிற மைக்கா மாறிப்போகும். தலையைப் பிடிக்காமல் நடுத்தண்டில பிடிக்கப் பழக்குங்கோ, ரிவியில பாட்டுக்காரர் பிடிக்கிறதைப் பாத்துப் பிள்ளையள் அப்பிடியே பிடிக்குதுகள்.

மேடையில பன்ரெண்டு பிள்ளையள், எத்தினை மைக் வேணும்?

நீங்கள் நினைக்கிறதிலும் குறைய. திறந்திருக்கிற மைக்கின்ர எண்ணிக்கை ரெண்டு மடங்காகிற ஒவ்வொரு முறையும் கூவுறதுக்கு முதல் கூட்டக்கூடிய அளவில 3 டெசிபல் போகுது. ஒரு மைக்கில இருந்து எட்டு மைக்குக்குப் போனா 9 டெசிபல் இழப்பு, அதாவது எட்டையும் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறதால ஒவ்வொரு பிள்ளையின்ர குரலும் சின்னனாகித்தான் வரும். எட்டு மைக் இருந்தாலும் பரவாயில்லை, ஆனா ஒரு நேரத்தில கதைக்கிற ஆளின்ர மைக் மட்டும் திறந்திருக்கோணும், அதுக்குத்தான் மிக்சரில ஒருதர் பிரதியை வைச்சுக்கொண்டு இருக்கோணும் எண்டு சொல்லுறது.

ரெண்டு மைக் பக்கத்தில பக்கத்தில வைக்கிறதெண்டா, வாயில இருந்து மைக்குக்கு 30 சென்ரிமீற்றர் எண்டா அடுத்த மைக் ஆகக் குறைஞ்சது 90 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும். கிட்டக்கிட்ட வைச்சா ஒரே குரல் ரெண்டு மைக்கிலயும் கொஞ்சம் நேரம் பிந்திப் பிந்தி விழுந்து, குழாய்க்குள்ள நிண்டு கதைக்கிறமாதிரிக் கேக்கும்.

எந்த மைக் நல்லது?

கதைசொல்லிக்கும் ஸ்ராண்டில நிண்டு கதைக்கிற பாத்திரத்துக்கும் ஷூர் எஸ்எம் 58 மாதிரி ஒரு டைனமிக் மைக் காணும். 1966இல வந்த மைக் அது, இண்டைக்கும் உலகம் முழுக்கப் பாவிக்கினம், விழுந்தாலும் லேசில பழுதாகாது, பற்றரியும் தேவையில்லை. ஆனா கடையில மலிவா அதே பேரில கிடைக்கிற எல்லாம் அது இல்லை, போலியள் நிறைய இருக்கு, வாங்க முதல் கதைச்சுப் பாருங்கோ. தூரத்தில இருந்து நாலைஞ்சு பேரின்ர குரலை எடுக்கிறதெண்டா கண்டென்சர் வகை வேணும், அதுக்கு மிக்சரில இருந்து மைக் வயராலயே 48 வோல்ட் கரண்ட், ஃபாண்டம் பவர் எண்டு சொல்லுறது, போகோணும், மிக்சரில அந்த ஸ்விட்ச் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ, இல்லாட்டி அந்த மைக் சும்மா ஒரு கம்பி.

தரையில வைக்கிற மைக் எப்பிடி? கூத்துக்கும் பாவிக்கலாமோ?

மேடையின்ர முன் விளிம்பில தட்டையா வைக்கிற மைக் பேச்சு நாடகத்துக்கு நல்ல சாமான். தரையோட ஒட்டி இருக்கிறதால நேர வாற சத்தமும் தரையில பட்டு வாற சத்தமும் ஒண்டாச் சேருது, அதால 6 டெசிபல் வரைக்கும் கூடக் கிடைக்கும். மேடைக்கு முன்னால மூண்டு வைச்சா நடிக்கிற பிள்ளை மைக்கைப் பற்றி நினைக்கத் தேவையில்லை. சீமெந்து மேடையில இது வடிவா வேலை செய்யும், பலகை மேடையில ஒவ்வொரு காலடியும் இடி விழுந்தமாதிரிக் கேக்கும், அதுக்கு மைக்குக்குக் கீழ ஸ்பொஞ்ச் துண்டு ஒண்டு வைச்சு, மிக்சரில லோ கட் பட்டனை (அடிச் சத்தத்தை வெட்டுறது) அமத்துங்கோ.

கூத்து எண்டா கதை மாறும். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடுற பள்ளிக்கூடங்களில தரை மைக்கை வைச்சுப் பாத்தா சலங்கைதான் முதல் வரும், ஆட்டத்தில மிதிக்கிற மிதி ரெண்டாவது, பாட்டு மூண்டாவது. கண்ணகியின்ர கதை வற்றாப்பளை அம்மனோட சேந்த கதை, சனம் அந்தப் பாட்டின்ர சொல்லுக்காகத்தான் வந்திருக்கு, அதைச் சலங்கைக்குள்ள அமுக்கக்கூடாது. கூத்துக்கு நான் செய்யிறது, அண்ணாவியாருக்கும் (கூத்தைப் பழக்கி நடத்திறவர்) பிற்பாட்டுக்காரருக்கும் ஸ்ராண்டில கிட்ட ஒரு மைக், மத்தளத்துக்குத் தனி மைக் வைக்கிறதே இல்லை, அது தானே நல்லாக் கேக்கும். ஆடுற ஆளுக்குத் தலைமயிரோரத்தில ஒட்டுற சின்ன மைக் இருந்தா நல்லது, இல்லாட்டி ஒவ்வொரு தருவும் (கூத்துப் பாட்டு) தொடங்குற இடம் மேடையில எது எண்டு பாத்து அதுக்கு மேலால ஒரு கண்டென்சரைத் தொங்க விடலாம். வட்டக்களரியில (வட்டமான கூத்து மேடை) சனம் நாலு பக்கமும் இருக்கிறபடியா ஸ்பீக்கரை நடுவுக்குக் கிட்டக் கொண்டுவராமல் முன்வரிசைச் சனத்துக்குப் பின்னால தள்ளி, வெளிப்பக்கம் பாத்தபடி வையுங்கோ, முன்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு மைக் இல்லாமலே கேக்கும்.

ஹெட்செட் மைக், காதில மாட்டுறது, வாடகைக்கு எடுக்கலாமோ?

எடுக்கலாம், ஆனா ரெண்டு மூண்டு ஒத்திகைக்கும் சேத்து எடுங்கோ, நாடகத்தண்டு மட்டும் எடுத்தா வேண்டாம். மைக்கின்ர நுனி வாய்க்கு நேர முன்னால இருக்கக்கூடாது, வாயோரத்தில ரெண்டு விரல் தள்ளி, கன்னத்தில மருந்துக் கடையில விக்கிற பேப்பர் டேப்பால ஒட்டுங்கோ. எங்கட வெயிலில பிள்ளையளுக்கு வேர்க்கும், மேக்கப்பும் கரைஞ்சு மைக்குக்குள்ள போகும், ஒட்டுற சின்ன மைக் எண்டா நுனியை நெத்திப் பக்கம் தலைமயிரோரத்தில வைச்சா வேர்வையில இருந்து கொஞ்சம் தப்பும், இடுப்பில கட்டுற பெட்டியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில சுத்திக் கட்டுங்கோ. பற்றரி புதுசு, ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் புதுசு. அந்தப் பெட்டியின்ர சிக்னலை வாங்கி மிக்சருக்குக் குடுக்கிற ரிசீவரை மேடைக்குக் கிட்ட, சனத்தின்ர தலைக்கு மேல உயரத்தில வையுங்கோ, மனிச உடம்பு சிக்னலை உறிஞ்சும். ஒரே மொடலில ரெண்டு செற் எடுக்கிறதெண்டா ரெண்டும் ஒரே ஃப்ரீக்குவன்சியோ எண்டு கடையிலயே போட்டுப் பாருங்கோ.

ஸ்பீக்கரை எங்க வைக்கிறது? மிக்சரை எங்க வைக்கிறது?

ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால, சனத்தின்ர பக்கம். மேடைக்குள்ள, திரைக்குப் பக்கத்தில ஸ்பீக்கரை வைச்சிட்டு மைக் கூவுது எண்டு அழுறதில அர்த்தமில்லை. ஸ்ராண்டில ரெண்டு மீற்றர் அளவுக்கு உயத்தி, முன்பக்கத்தைக் கொஞ்சம் கீழ சரிச்சு, நடு வாங்கில இருக்கிற ஆக்களின்ர முகத்தைப் பாத்தபடி வையுங்கோ. எங்கட ஹோல்கள் கனக்க அரைச்சுவரும் தகரக் கூரையும், அரைச்சுவரால சத்தம் வெளிய போறது நல்லதுக்குத்தான், எதிரொலி குறையும், ஆனா ஸ்பீக்கர் கூரையைப் பாத்துக்கொண்டு இருந்தா தகரமும் சீமெந்து நிலமும் சேந்து வசனத்தைக் குழப்பிப்போடும். கோயில் திருவிழாவுக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கர் தூரத்துக்குச் சத்தம் கொண்டுபோகும், ஹோலுக்குள்ள வேண்டாம், பிள்ளையின்ர குரல் தகரத்தில கீறினமாதிரி வரும்.

மிக்சர் சனத்துக்கு நடுவில, மூண்டில ரெண்டு பங்கு தூரத்தில இருக்கோணும். வாடகைக்கு வாற சவுண்ட்ஸ்காரர் கனபேர் மேடைக்குப் பக்கத்தில, ஸ்பீக்கருக்குப் பின்னால மேசையைப் போட்டிட்டு இருப்பினம், அவையளுக்குச் சனத்துக்குக் கேக்கிறது கேக்கவே கேக்காது. ஒருக்கா முல்லைத்தீவுப் பக்கம் ஒரு விழாவில, பின்வாங்கில இருந்த ஆக்கள் எழும்பி நிண்டு கை காட்டக் காட்ட, மேடைக்குப் பின்னால இருந்தவர் தன்ர ஹெட்ஃபோனில எல்லாம் சரி எண்டு இருந்தவர், பண்டாரவன்னியனா நடிச்ச பெடியன்ர கடைசி வசனம் ஒருதருக்கும் விளங்கேல்லை. 1803 ஒக்ரோபர் 31 கற்சிலைமடுவில பண்டாரவன்னியனுக்கும் வெள்ளைக்காரருக்கும் நடந்த சண்டை எங்கட மண்ணின்ர கதை, அந்த வசனத்தை அந்தப் பெடியன் மாசக்கணக்காப் பாடமாக்கினவன், எனக்கு இண்டைக்கும் அதை நினைச்சா மனம் ஆறாது. நீளமான வயர் வாங்கிக் குடுத்தாவது மிக்சரைச் சனத்துக்குள்ள கொண்டுவரச் சொல்லுங்கோ.

மிக்சரில எத்தினையோ பட்டன் இருக்கு, எதைத் திருகிறது?

முதல் கெயின், மைக்கில இருந்து வாற சத்தத்தை மிக்சர் எவ்வளவு உள்ளுக்கு எடுக்குது எண்டதை வைக்கிற பட்டன். நாடகத்தில ஆகக் கத்துற வசனத்தைப் பிள்ளையை உண்மையாக் கத்திச் சொல்லச் சொல்லுங்கோ, "ஒண்டு ரெண்டு மூண்டு" வேண்டாம், அதை எல்லாரும் மெதுவாத்தான் சொல்லுவினம். சிவப்பு லைற் எரியாத அளவுக்கு வைச்சிட்டு, மிச்சத்தை ஃபேடரில (மேல கீழ தள்ளுற பட்டன்) பாருங்கோ. அடுத்தது லோ கட், பட்டனில 80 அல்லது 100 எண்டு போட்டிருக்கும், பேச்சு மைக் எல்லாத்துக்கும் அமத்துங்கோ, காலடி, காத்து, ஸ்ராண்டில தட்டுறது எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு.

பிறகு பேஸைக் கொஞ்சம் குறையுங்கோ. தமிழில சொல்லை வேற வேறயாக் காட்டுறது க, ச, த, ப மாதிரி மெய்யெழுத்துகள்தான், அதின்ர விளக்கம் ஏறக்குறைய 2இல இருந்து 4 கிலோ ஹேர்ட்ஸ் பக்கம் இருக்கு, கீழ்ப்பக்கம் பெரிசா இருந்தா அதை மூடிப்போடும். பேஸ் கூட இருந்தாக் குரல் கம்பீரமா இருக்கு எண்டு அதிபர்மார் விரும்புவினம், ஆனா கடைசி வாங்குக்குப் போகேக்க அது வெறும் முழக்கம். எக்கோ, ரிவேப் ரெண்டையும் பேச்சுக்குப் பூட்டி வையுங்கோ, அசரீரிக்கு மட்டும் திறக்கலாம்.

ஹோல் நீளம், பின்னுக்கு இன்னொரு சோடி ஸ்பீக்கர் வைக்கலாமோ?

வைக்கலாம், நல்ல யோசினை, முன்னுக்கு இருக்கிற குழந்தையளின்ர காதைப் பிளக்காமல் பின்னுக்குக் கேக்கப்பண்ணலாம். ஆனா எங்கட சூட்டில சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும், முன் ஸ்பீக்கரில இருந்து 15 மீற்றர் தள்ளி ரெண்டாவது சோடி வைச்சா முன்பக்கத்துச் சத்தம் அங்க வரேக்க 43 மில்லிசெக்கன் பிந்தி வரும், அந்தப் பிந்தலால சொல்லு ரெண்டு ரெண்டாக் கேக்கும். டிஜிற்றல் மிக்சர் எண்டா பின் சோடிக்கு 43ஓட இன்னொரு 10 அல்லது 15 கூட்டி டிலே (சத்தத்தைப் பிந்த விடுறது) போடுங்கோ, அப்ப குரல் மேடையில இருந்தே வாறமாதிரி இருக்கும். டிலே இல்லாட்டி பின் சோடியைக் குறைய, மிகக் குறைய வையுங்கோ.

"ம்ம்ம்" எண்டு இரையுது, என்னத்தால?

கரண்டால. இஞ்சத்த மின்சாரம் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ், அந்த 50உம் அதின்ர மடங்கு 100உம்தான் உங்களுக்குக் கேக்கிற இரைச்சல். மைக் வயரையும் கரண்ட் வயரையும் ஒண்டாக் கட்டி இழுக்காதேங்கோ, குறுக்க வெட்டிப் போறது பரவாயில்லை. நீளமான வயருக்கு மூண்டு ஊசி இருக்கிற எக்ஸ்எல்ஆர் பாவியுங்கோ, ஜாக் குத்துற சாதாரண வயர் நீளத்துக்கு ரேடியோ கம்பிமாதிரி எல்லாத்தையும் பிடிக்கும். லப்ரொப்பில பாட்டு விடேக்க இரைஞ்சா சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ, கனக்க நேரம் அதோட நிண்டுபோகும். ஃபோனை மிக்சருக்கு மேல வைக்காதேங்கோ, ஃபோனில பாட்டு விடுறதெண்டா ஃபிளைற் மோடில போடுங்கோ, இல்லாட்டி சாவு வீட்டுக் காட்சிக்கு நடுவில ஆரின்ரையோ கோல் வரும்.

ஒண்டை மட்டும் கெஞ்சிக் கேக்கிறன், இரைச்சலை நிப்பாட்டிறதுக்கு ஏர்த் ஊசியை வெட்டாதேங்கோ. இரைச்சல் போகும், ஆனா ஆம்பில ஏதும் கரண்ட் ஒழுகினா மைக்கைப் பிடிச்சுக்கொண்டு ஈர நிலத்தில நிக்கிற பிள்ளையின்ர உடம்பாலதான் அது போகும். ட்ரிப் ஸ்விட்ச் இல்லாத லைனில இருந்து மேடைக்குக் கரண்ட் எடுக்கவும் வேண்டாம். ஜெனரேற்றர் எண்டா காத்து போற பக்கம், கட்டடத்துக்கு மறைவில, எவ்வளவு தள்ளி வைக்க ஏலுமோ அவ்வளவு தள்ளி, சுருளில சுத்தின வயரை முழுக்கக் குலைச்சு விடுங்கோ, சுத்தினபடி பாரம் ஏத்தினா சூடாகி உருகும்.

மழை வந்தா?

மூண்டாம் தவணை பரிசளிப்பு, ஒளிவிழா எல்லாம் மாரியிலதான் வரும், தகரத்தில மழை அடிக்கத் தொடங்கினா எந்த ஸ்பீக்கரும் வெல்லாது, கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நாடகத்தை நெறிப்படுத்திற ரீச்சரோட முன்னமே கதைச்சு வையுங்கோ, பலத்த மழை வந்தா எந்த இடத்தில அப்பிடியே உறைஞ்சு நிண்டு, மழை குறைஞ்சாப்பிறகு தொடருறது எண்டு, பிள்ளையளுக்கும் அதை ஒத்திகையில பழக்கலாம், அது ஒரு அரங்க உத்திதானே.

சோளகத்தில திறந்தவெளி மேடை, மைக்கில "புஸ் புஸ்" எண்டு காத்து அடிக்குது.

ஸ்பொஞ்ச் தொப்பி போடுங்கோ, லோ கட்டை அமத்துங்கோ, மேடையின்ர பின்பக்கத்தைக் காத்து வாற பக்கத்துக்குத் திருப்ப ஏலுமெண்டா திருப்புங்கோ. குரலும் காத்தோட சனத்துக்குப் போகும்.

பயத்தில பிழைவிடுவினம், வசனத்தை முதலே பதிஞ்சுபோட்டு வாயசைக்க விடலாமோ?

சில இடங்களில செய்யினம். நான் ஒருக்காலும் ஒத்துக்கொள்ள மாட்டன். பிள்ளை மேடையில ஏறுறதே தன்ர குரலைத் தன்ர ஊருக்கு முன்னால எடுத்துவைக்கிறதுக்குத்தான், பதிஞ்ச குரலுக்கு வாயசைச்சா ஒரு வசனம் மறந்தாலும் அவனால சமாளிக்க ஏலாது, சனம் சிரிச்சா நிண்டு குடுக்க ஏலாது. பிழைவிட்டாலும் பரவாயில்லை, சொல்ல விடுங்கோ. குரல் சின்னப் பிள்ளைக்கு அந்தக் காட்சியில மைக்குக்குக் கிட்ட ஒரு இடம் குடுங்கோ, கிணத்துக்கட்டு, புத்து, வைக்கல் கும்பி எதாவது மேடையில இருந்தா அதுக்குள்ள ஒரு மைக்கை ஒளிச்சு வைக்கலாம், பிள்ளை இயல்பா அதில சாஞ்சுகொண்டு கதைக்கும். பின்னணி இசை போகுதெண்டா வசனம் தொடங்க முதல் இறக்குங்கோ, தொடங்கினாப்பிறகு இல்லை.

மிக்சரில ஆரை இருத்திறது?

ஒரு பிள்ளையை. தரம் 10, 11இல நாடகத்தை மனப்பாடமாத் தெரிஞ்ச, நடிக்காத ஒரு பிள்ளை எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இருக்கும், ஒத்திகை முழுக்க ஓரத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கும், அந்தப் பிள்ளை. பிரதியில ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலயும் மைக் நம்பரைக் கலர்ப் பேனையால எழுதி, வசனத்துக்கு ஒரு மூச்சு முதலே ஃபேடரை ஏத்தவும், ஆள் உள்ள போனவுடன இறக்கவும் பழக்குங்கோ. வாடகைக்கு வாற அண்ணை எவ்வளவு கெட்டிக்காரர் எண்டாலும் அவருக்குக் கதை தெரியாது, அவரை மரியாதையாக் கேட்டு, அவருக்குப் பக்கத்தில பிள்ளையை இருத்துங்கோ, கனபேர் சந்தோசமாச் சொல்லிக் குடுப்பினம்.

ஒத்திகையில நல்லாக் கேட்டது, நாடகத்தண்டு கேக்கேல்லை. ஏன்?

சனம் வந்திட்டுது. உடம்பும் உடுப்பும் சத்தத்தை உறிஞ்சும், குழந்தையள் அழும், ஃபான் எல்லாம் சுத்தும். வெறும் ஹோலில சரியா இருந்த அளவு காணாது, அதால ஒத்திகையில கூவுற எல்லைக்குக் கிட்டக் கொண்டுபோய் வைக்காமல் கொஞ்சம் இடம் மிச்சம் விடுங்கோ.

தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் போகேக்க அங்க இருக்கிற சவுண்டைத்தானே பாவிக்கோணும், என்ன செய்யிறது?

வலயத்திலயும் மாகாணத்திலயும் உங்கட கையில ஒண்டும் இருக்காது, அதால மைக் இல்லாமலே பிள்ளையள் விளையாட்டு மைதானத்தில ஒரு அந்தத்தில நிண்டு மற்ற அந்தத்துக்கு வசனம் சொல்லிப் பழகட்டும், கத்தாமல், சொல்லின்ர கடைசி எழுத்தை விழுங்காமல். போன உடன மேடையைப் பாருங்கோ, மைக் எங்க தொங்குது, எங்க நிக்குது, எது வேலை செய்யுது எண்டு கேளுங்கோ, பிள்ளையளின்ர நிக்கிற இடங்களை அதுக்கேத்தமாதிரி ரெண்டடி மாத்துங்கோ, முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லுற வசனம் ஏதும் இருந்தா அதை அரைவாசி திரும்பிச் சொல்லச் சொல்லுங்கோ. உங்களுக்கு முதல் ஏறுற பள்ளிக்கூடத்தின்ர நாடகம் நடக்கேக்க ஒரு பிள்ளையை நடுவர்மாரின்ர மேசைக்குப் பின்னால இருத்தி விடுங்கோ, எந்த மைக்கில விளங்குது எதில விளங்கேல்லை எண்டு அது வந்து சொல்லும்.